ஒரு பானைச் சோறும் இருபத்து மூன்று இலட்சம் அஞ்சலட்டைகளும்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். சோறு வெந்ததா என்று அறியப் பானையிலுள்ள பருக்கைகள் அனைத்தையும் நசுக்கிப் பார்க்க வேண்டுவதில்லை. அகப்பையில் எடுத்த ஒன்றிரண்டு பருக்கைகளே பானை முழுவதன் நிலையையும் சொல்லிவிடும். சிறு பகுதியைக் கண்டு பெருந்தொகுதியை அறியும் இக்கலையே புள்ளியியல் என்னும் துறையின் ஒரு பெரும்பகுதி. ஆயின், பழமொழி வெளிப்படக் கூறாது விட்ட செய்தி ஒன்றுண்டு. அடியில் வெந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையின் மேற்பருக்கை, அடிப்பருக்கையின் நிலையைச் சொல்லாது. சமையல் அறிந்தோர் இதனை அறிவர். ஆதலின் ஒருமுறை துழாவிய பின்னரே பதம் பார்ப்பர். அந்தத் துழாவலின் இன்றியமையாமையை உலகம் உணர்வதற்கு, 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வார இதழ் ஒன்று தன் பெயரையே இழக்க வேண்டியதாயிற்று.

அவ்வரலாற்றைக் காணுமுன், ஒரு விகிதத்தைப் பற்றிய கருத்தை எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் பழக்கம் எங்குத் தோன்றியது என அறிதல் நலம்.

இங்கிலாந்தின் ஆன் அரசியாருக்கு மருத்துவராக விளங்கிய ஜான் ஆர்பத்நாட் என்பார் 1710-இல் ஒரு கட்டுரை எழுதினார். இலண்டன் மாநகரில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 1629 முதல் 1710 வரை உள்ள 82 ஆண்டுகளில், ஓராண்டு தவறாமல் ஆண் குழந்தைகளின் எண்ணிக்கையே பெண் குழந்தைகளின் எண்ணிக்கையினும் மிகுந்திருந்தது. ஆணும் பெண்ணும் பிறப்பது நாணயத்தைச் சுண்டினாற்போன்ற தற்செயலாயின், ஏதேனும் ஓர் ஆண்டில் ஆண் மிகுதற்குரிய வாய்ப்பு இரண்டில் ஒன்று. 82 ஆண்டுகளும் தொடர்ந்து ஆணே மிகுதற்குரிய வாய்ப்போ, இரண்டை 82 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒன்று. அவ்வெண் 25 இலக்கங்கள் கொண்டது. இத்துணை அரிய ஒன்று தற்செயலாய் நிகழ்ந்திருக்க இயலாது. ஆகவே தற்செயல் என்னும் கருத்தைத் தள்ளிவிடுக என்றார் ஆர்பத்நாட்.

கருதுகோள் சோதனையின் எலும்புக்கூடு முழுவதும் இம்முந்நூறாண்டுப் பழமையான கட்டுரையில் இருக்கிறது. முதலில் "வேறுபாடு ஏதும் இல்லை, காண்பது தற்செயலே" என்று ஒரு கருத்தை வைத்துக்கொள்ளுதல், அக்கருத்து உண்மையாயின் கையிலுள்ள எண்கள் கிடைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு எனக் கணக்கிடுதல், வாய்ப்பு மிகச் சிறிதாயின் அக்கருத்தைக் கைவிடுதல். ஆர்பத்நாட் அதன்பின் எடுத்துவைத்த அடிதான் ஏற்பதற்குரியதன்று. தற்செயல் அன்று என்பது தெளிந்தவுடன், இஃது இறைவனின் திருவருட் செயலே என்று அவர் முடிவு கட்டினார். மறுக்கப்பட்டது ஒன்று, நிலைநாட்டப்பட்டதாக அவர் கருதியது வேறொன்று. ஒரு கருத்து வீழ்ந்தமையாலேயே, சோதிப்போர் மனத்தில் முன்பே குடிகொண்டிருந்த மற்றொரு கருத்து வென்றதாகிவிடாது. இத்தவற்றை இன்றும் ஆய்வேடுகள் பலவற்றிற் காணலாம்.

ஆர்பத்நாட்டின் கட்டுரைக்கு மூன்றாண்டுகளின் பின், 1713-இல், சுவிட்சர்லாந்து நாட்டு யாக்கோபு பெர்னூலியின் நூல் அவர் மறைவிற்குப் பிறகு வெளிவந்தது. முயற்சிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, காணப்படும் விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் என்பதை அந்நூல் கணித முறையில் மெய்ப்பித்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பேரறிஞர் லாப்லாஸ், பாரிசு நகரில் 1745 முதல் 1770 வரை பிறந்த குழந்தைகளின் கணக்கை ஆராய்ந்தார். ஆண்கள் 2,51,527; பெண்கள் 2,41,945. மொத்தத்தில் ஆண்களின் பங்கு ஏறத்தாழ 51 விழுக்காடே. வெறுங்கண்ணுக்கு இவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆயினும் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தை நெருங்குவதால், உண்மையில் சரிபாதியாக இருக்கும் ஒன்று இவ்வாறு விலகுதற்கு இடமே இல்லை என்று லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

அக்கணக்கின் உட்பொருளை மாணவர் ஓர் எளிய எடுத்துக்காட்டினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு நாட்டில் ஒரு திட்டத்தை மக்களிற் சரிபாதியினர் ஆதரிக்கின்றனர் என்பது கருதுகோள் என்க. இதனை இன்மைக் கருதுகோள் என்பர். 100 பேரைக் கேட்டதில் 54 பேர் ஆதரவு என்கின்றனர். சரிபாதி என்னும் கருத்து வீழ்ந்ததா? பாதியைப் பாதியால் பெருக்கி, கேட்கப்பட்டோர் எண்ணிக்கையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் கிடைப்பது திட்டப் பிழை. தற்செயலாக மட்டும் ஒரு மாதிரி, உண்மையிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதை அளக்கும் முழக்கோல் அது. 100 பேருக்கு அது 5 விழுக்காடு. கண்ட விலகலோ 4 விழுக்காடு. முழக்கோலின் நீளம்கூட இல்லை. ஆகவே கருதுகோளைத் தள்ளுவதற்குச் சான்று போதாது. 1,000 பேரைக் கேட்டு 540 பேர் ஆதரவு என்றால் விழுக்காடு அதே 54 தான். ஆனால் திட்டப் பிழை 1.58 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. 4 விழுக்காட்டு விலகல் அதனைப்போல் 2.53 மடங்கு. 1.96 மடங்கிற்கு மேற்பட்ட விலகல், இரு பக்கங்களையும் சேர்த்து நோக்கினாலும், தற்செயலாக நூற்றில் ஐந்து முறைதான் நேரும். எனவே சரிபாதி என்னும் கருதுகோளைத் தள்ளலாம்.

இந்த நூற்றில் ஐந்து என்னும் எல்லை வானத்திலிருந்து இறங்கியதன்று. இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எழுதினார். உலகம் அதனையே பற்றிக்கொண்டது. வசதிக்காக வகுத்ததை வேதவாக்காகக் கொண்டோர் பலர்.

1933-இல் போலந்து நாட்டு ஜெர்சி நெய்மனும் இங்கிலாந்தின் எகன் பியர்சனும் இச்சிந்தனையை இன்னும் செப்பமாக்கினர். சோதனையில் இருவகைப் பிழைகள் நேரலாம் என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். உண்மையான கருதுகோளைத் தவறாகத் தள்ளுதல் முதல்வகை; பொய்யான கருதுகோளைத் தள்ளாமல் விட்டுவிடுதல் இரண்டாம் வகை. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேறெங்கும் போக வேண்டுவதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோன் குற்றமற்றவன் என்பதே அறங்கூறவையத்தின் தொடக்கக் கருதுகோள். கோவலன் வழக்கில் பாண்டியன் இழைத்தது முதல்வகைப் பிழை. அங்கே அரசனது ஆராய்ச்சிக்கு வந்த சான்றும் பொற்கொல்லன் ஒருவன் வாய்மொழியே. அதாவது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திரட்டப்பட்டது. சான்று எத்திசையிலிருந்து வந்தது என்று கேளாமல், சான்றின் வலிமையை மட்டும் எடைபோடுவதால் வரும் கேடு அது. 1936-இல் அமெரிக்காவில் நேர்ந்ததும் அதன் இனத்தைச் சேர்ந்ததே.

"லிட்டரரி டைஜஸ்ட்" என்னும் வார இதழ் 1890-இல் தொடங்கப்பெற்றது. அதிபர் தேர்தலுக்குமுன் வாக்காளர்க்கு அஞ்சலட்டைகளை அனுப்பி அவர்தம் கருத்தைக் கேட்டு வெளியிடுவதில் அது பெரும்பெயர் பெற்றிருந்தது. 1924, 1928, 1932 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெல்பவர் இன்னார் என்று அது முன்னரே சரியாகச் சொல்லியது. 1932-இல் அதன் கணிப்புக்கும் முடிவுக்கும் இருந்த வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தகைய புகழோடு அது 1936-ஆம் ஆண்டுத் தேர்தலை எதிர்கொண்டது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மீண்டும் நின்றார். குடியரசுக் கட்சி கான்சாஸ் மாநில ஆளுநர் ஆல்பிரட் லாண்டனை நிறுத்தியது.

அவ்வாண்டு அவ்விதழ் அனுப்பிய அட்டைகளின் எண்ணிக்கை ஒரு கோடி. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டி உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. திரும்பி வந்த அட்டைகள் 23 இலட்சத்து 76 ஆயிரத்திற்கும் மேல். உலகம் அதுவரை கண்டிராத பெரிய மாதிரிகளுள் அஃதொன்று. லாண்டனுக்கு 12,93,669, ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897. எஞ்சியவை பிறர்க்கு. இருபெரும் வேட்பாளர்க்கும் கிடைத்தவற்றை மட்டும் கூட்டினால் லாண்டனின் பங்கு 57 விழுக்காடு. அக்டோபர் இறுதியில் இதழ் இதனை வெளியிட்டது. நவம்பர் 3-ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. ரூஸ்வெல்ட் பெற்றது 60.8 விழுக்காடு, லாண்டன் பெற்றது 36.5 விழுக்காடு. மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள் 531-இல் லாண்டனுக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. மேயின், வெர்மான்ட் என்னும் இரு சிறு மாநிலங்களுக்கு வெளியே அவர் எங்கும் வெல்லவில்லை.

இனி, மேலே கண்ட முழக்கோலை இவ்விதழின் எண்களுக்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. "இருவர்க்கும் ஆதரவு சரிபாதி" என்பதைக் கருதுகோளாகக் கொள்க. அட்டைகள் 22,66,566. திட்டப் பிழை 0.033 விழுக்காடு மட்டுமே. கண்ட விலகலோ 7 விழுக்காட்டிற்கும் சற்று மேல். அதாவது திட்டப் பிழையைப்போல் 213 மடங்கு! 1.96 மடங்கு இருந்தாலே கருதுகோளைத் தள்ளலாம் என்னும் சோதனைக்கு 213 மடங்கு வந்து நின்றால், அது கூறும் தீர்ப்பு என்னவாக இருக்கும்? லாண்டனுக்கே பெரும்பான்மை என்பதில் கடுகளவும் ஐயம் வேண்டா என்றே அது கூறும். கணக்கில் பிழை ஏதும் இல்லை. முடிவோ முற்றும் தலைகீழ்.

காரணம் யாதெனில், திட்டப் பிழை என்னும் முழக்கோல் தற்செயலால் வரும் விலகலை மட்டுமே அளக்கும். மாதிரியை எடுத்த முறையிலேயே ஒரு சாய்வு இருந்தால், அது அந்த முழக்கோலின் கண்ணுக்குப் படாது. எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயல் விலகல் சுருங்கும். சாய்வு இருந்தவாறே இருக்கும். துழாவாத பானையின் மேற்புறத்திலிருந்து ஒரு பருக்கை எடுத்தாலென்ன, ஓர் அகப்பை எடுத்தாலென்ன? அகப்பை நிறைய எடுத்தவன் தவற்றைக் கூடுதல் உறுதியோடு சொல்வான், வேறுபாடு அவ்வளவே. பாடநூல்கள் பலவும் வாய்பாட்டை முதற்பக்கத்திலும், "மாதிரி சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்டதாகக் கொள்க" என்பதை ஓரத்தில் ஒரு வரியிலும் அச்சிடுகின்றன. அந்த ஓரத்து வரியே பாடம். வாய்பாடு அதன் பின்னால் வருவது.

அக்காலத்தில் அமெரிக்கா 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் ஓரளவு வசதி படைத்தோர். வேலையிழந்தோரும் ஏழை உழவரும் அப்பட்டியல்களில் மிகுதியாக இடம்பெறவில்லை. ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்களால் பயன்பெற்றோரும் அவர்களே. முன்னைய தேர்தல்களில் செல்வரும் வறியரும் கட்சி அடிப்படையில் இவ்வளவு பிரிந்து நிற்கவில்லையாதலின் பட்டியலின் குறை வெளிப்படவில்லை, 1936-இல் வெளிப்பட்டது. தேர்தல் முடிந்தபின் பலரும் கூறிய விளக்கம் இது. இன்றும் வகுப்பறைகளில் இதுவே சொல்லப்படுகிறது. ஆயினும் இது பாதி உண்மையே என்பதற்கு அன்றே ஒரு தடயம் இருந்தது.

தேர்தலுக்குப் பின்னர் அவ்விதழே தன் தோல்வியை ஆராய முற்பட்டது. அதன் மானவுணர்ச்சி பாராட்டத்தக்கது. பென்சில்வேனியா மாநிலத்து அலென்டவுன் நகரில், தொலைபேசி உடையோர் இல்லாதோர் என்ற வேறுபாடின்றிப் பதிவுபெற்ற வாக்காளர் அனைவர்க்குமே அட்டை போயிருந்தது. அங்கும் மூன்றில் ஒரு பங்கினரே மறுமொழி விடுத்தனர்; அம்மறுமொழிகளில் லாண்டனே முந்தி நின்றார்; தேர்தலிலோ ரூஸ்வெல்ட் வென்றார். சிகாகோவில் பதிவுபெற்ற வாக்காளருள் மூவர்க்கு ஒருவர் வீதம் அட்டை பெற்றனர். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே திருப்பி அனுப்பினர். அம்மறுமொழிகளில் லாண்டனே சற்று முந்தி நின்றார்; ஆனால் அந்நகரம் ரூஸ்வெல்ட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை அளித்தது. பட்டியல் பழுதில்லாத இடத்திலும் முடிவு பழுதுபட்டது. ஆகவே குற்றம் முகவரிப் பட்டியலில் மட்டும் இல்லை. இதழாசிரியர்கள் இதனைக் கண்டும் காரணம் விளங்காது திகைத்தனர்.

ஜார்ஜ் காலப் என்னும் இளைஞர் திகைக்கவில்லை. அயோவா மாநிலத்தில் 1901-இல் பிறந்த அவர், செய்தித்தாள் படிப்போரின் விருப்பங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1935-இல் கருத்தாய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். 1936 ஜூலையில், டைஜஸ்ட் தன் அட்டைகளை அனுப்பத் தொடங்குமுன்பே, "அவ்விதழ் லாண்டனுக்கு 56 விழுக்காடு என்று சொல்லும், அது தவறாகும்" என்று அவர் எழுதினார். இஃது ஆரூடமன்று. டைஜஸ்ட் பயன்படுத்திய அதே வகைப் பட்டியல்களிலிருந்து 3,000 பேருக்கு மட்டும் அட்டை அனுப்பி, வந்த மறுமொழிகளை எண்ணிச் சொன்ன கணக்கு. ஒரு கோடி அட்டைகள் சொல்லப் போகும் பொய்யை 3,000 அட்டைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. இதழின் ஆசிரியர் வில்பிரட் பங்க் கடுஞ்சினம் கொண்டார். தம் கணிப்பு டைஜஸ்ட்டின் கணிப்பினும் பிழையாகுமாயின் பணத்தைத் திருப்பித் தருவதாகச் செய்தித்தாள்களுக்கு வாக்களித்திருந்த காலப், தேர்தல் முடிவு வரும்வரை உறக்கமின்றித்தான் இருந்திருக்க வேண்டும்.

காலப் ஏறத்தாழ 50,000 பேரிடம் திரட்டிய கருத்தின்படி ரூஸ்வெல்ட்டுக்கு 55.7 விழுக்காடு. வெற்றி பெறுவோரை அவர் சரியாகச் சொன்னார். காலப்பின் புகழ் வானளாவியது. 1938-இல் டைஜஸ்ட் "டைம்" இதழோடு இணைந்து மறைந்தது.

இத்தோடு கதையை முடித்துவிட்டால், சிறிய மாதிரி வென்றது, பெரிய மாதிரி தோற்றது என்று ஒரு தவறான முடிவு மனத்தில் பதியும். காலப்பின் எண்ணையும் அதே முழக்கோலால் அளந்து பார்ப்பதே நேர்மை. இரு கட்சிகளின் வாக்குகளை மட்டும் கொண்டால் ரூஸ்வெல்ட் உண்மையில் பெற்றது 62.5 விழுக்காடு. காலப்பின் பிழை 6.8 விழுக்காடு. 50,000 பேருக்குத் திட்டப் பிழை 0.22 விழுக்காடு. முப்பது மடங்கு விலகல்! காலப்பின் மாதிரியும் சாய்ந்தே இருந்தது. வென்றவரின் பெயர் சரியாக அமைந்ததால் அச்சாய்வை எவரும் பொருட்படுத்தவில்லை. 1940-இலும் 1944-இலும் அவர் வெல்வோரைச் சரியாகவே சொன்னார். பிழை முறையே 3 விழுக்காடு, 1.8 விழுக்காடு எனக் குறைந்தது. ஆயினும் மூன்று முறையும் பிழை ஒரே பக்கம், குடியரசுக் கட்சியின் பக்கம், சாய்ந்திருந்தது.

அவர் கையாண்டது ஒதுக்கீட்டு முறை. ஒவ்வொரு களப்பணியாளரும் இத்தனை ஆடவர், இத்தனை பெண்டிர், இன்ன வயதினர், இன்ன வருவாயினர் என்று வகுத்துக் கொடுத்த எண்ணிக்கையை நிறைவு செய்தல் வேண்டும். அவ்வெல்லைக்குள் யாரைக் கேட்பது என்பது பணியாளரின் விருப்பம். மாதிரி, நாட்டின் சிறு வடிவமாகத் தோற்றமளிக்கும். ஆனால் விருப்பம் நுழையும் வழியில் சாய்வும் நுழையும். அணுகுதற்கு எளிய வீடு, சாலையோரத்து வீடு, மரியாதையாகப் பேசுவோர் வீடு என்றே மனிதன் கால் செல்லும். பணியாளர் எவரும் வேண்டுமென்றே தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு எளிதானதைச் செய்தனர். எல்லார்க்கும் எளிதானது ஒரே பக்கமாக இருந்தது.

வியப்பு யாதெனில், இம்முறையின் குறையை அறிஞர் அப்போதே அறிந்திருந்தனர். 1895-இல் நார்வே நாட்டு ஆண்டர்ஸ் கியேர், நாடு முழுவதையும் எண்ணாமல் பகுதியைக் கொண்டே ஆராயலாம் என்று பன்னாட்டுப் புள்ளியியலார் அவையில் எடுத்துரைத்தார். அவையோர் பலர் அதனை ஏற்கவில்லை. 1912-இல் இங்கிலாந்தின் ஆர்தர் பௌலி, ரெடிங் நகரில் இருபது வீட்டுக்கு ஒன்று என எடுத்து உழைப்பாளர் வறுமையை ஆராய்ந்தார். இத்தாலியில் கினி, கால்வானி என்னும் இருவர், 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் 214 வட்டாரங்களிலிருந்து, நாட்டின் சராசரிகளோடு பொருந்துமாறு 29 வட்டாரங்களைத் தாமே ஆய்ந்து தேர்ந்தனர். எந்தச் சராசரிகளைக் கருதித் தேர்ந்தனரோ அவை பொருந்தின, மற்றவை பொருந்தவில்லை. 1934-இல் இலண்டனில் நெய்மன் படித்த கட்டுரை இதனைச் சுட்டிக்காட்டி, மனிதன் ஆய்ந்து தேரும் மாதிரிக்கு உறுதிப்பாடு இல்லை. தற்செயல் தேர்ந்த மாதிரிக்கே, பிழை இவ்வளவிற்கு மேற்படாது என்று கணித வழியில் கூற இயலும் என்று நிறுவியது.

தற்செயலாகத் தேர்தல் என்பது மனம்போனபடி தேர்தல் அன்று. அதற்கு நேர்மாறானது. "ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்" என்றால் வகுப்பு மாணவர் பலரும் சில எண்களையே திரும்பத் திரும்பச் சொல்வர். மனித மனம் தற்செயலுக்கு ஏற்ற கருவியன்று. இதனாலேயே 1927-இல் டிப்பெட் என்னும் அறிஞர், குடிமதிப்பு அறிக்கைகளிலிருந்து எடுத்த 41,600 இலக்கங்களைக் கொண்டு ஒரு சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டார். வீடுகளுக்கு எண்ணிட்டு, அட்டவணை காட்டும் எண்ணுக்குரிய வீட்டுக்கே செல்லல் வேண்டும்; நாய் குரைத்தாலும், படி உயர்ந்திருந்தாலும், வீட்டார் இல்லையாயின் மறுநாள் திரும்பவும் செல்லல் வேண்டும். பானையைத் துழாவும் அகப்பை இதுதான். நன்றாகத் துழாவிவிட்டால் பானை சிறிதோ பெரிதோ, அதுபற்றிக் கவலையில்லை. வீட்டுக் குழம்பிற்கும், திருமண வீட்டு அண்டாக் குழம்பிற்கும் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டே போதும். ஒரு கோடி மக்களுள்ள நாட்டிற்கும் பத்துக் கோடி மக்களுள்ள நாட்டிற்கும் ஏறத்தாழ ஒரே அளவு மாதிரி போதும் என்று கேட்டு வியப்போர், இதனை நினைத்துப் பார்த்தால் தெளிவர்.

எனினும் கருத்துக் கணிப்பு வணிகர் நெய்மனின் முடிவைச் செவிமடுக்கவில்லை. சமவாய்ப்பு முறைக்குச் செலவு மிகுதி. ஒதுக்கீட்டு முறையோ மூன்று முறை வென்ற முறை. 1948-இல் அதற்கும் நாள் வந்தது. ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமனை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி நின்றார். காலப், கிராஸ்லி, ரோப்பர் ஆகிய மூவருமே டூயி வெல்வார் என்றனர். காலப்பின் கணிப்பில் டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5. வாக்கு எண்ணப்பட்டபோது ட்ரூமனுக்கு ஏறத்தாழ 49.5, டூயிக்கு 45. சிகாகோ நாளிதழ் ஒன்று முடிவு தெரியுமுன்பே டூயி வென்றதாகக் கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டது. அவ்விதழைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து ட்ரூமன் சிரிக்கும் படம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. காலப் தேர்தலுக்கு இரண்டு கிழமை முன்னரே கருத்துத் திரட்டுவதை நிறுத்திக்கொண்டதும் ஒரு காரணம். பலர் கடைசி நாட்களில் மனம் மாறினர். ஆனால் பிழை நான்காம் முறையாகவும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. ஆர்பத்நாட்டின் கணக்கைக் கொண்டு பார்த்தால், நான்கு முறையும் குறிப்பிட்ட அந்த ஒரு பக்கமே சாய்வதற்குரிய வாய்ப்பு பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று என்னும் எல்லையை அது தொடவில்லை. ஐயம் கொள்வதற்குப் போதும், தீர்ப்புக் கூறுவதற்குப் போதாது. ஒவ்வொரு முறையும் பிழையின் அளவு திட்டப் பிழையைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்திருந்தால் 1936-லேயே தீர்ப்புக் கூறியிருக்கலாம்.

அறிஞர் குழுவொன்று இத்தோல்வியை விரிவாக ஆராய்ந்து 1949-இல் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் காலப்பின் நிறுவனம் மெல்ல மெல்ல வாய்ப்பு வழித் தேர்வுக்கு மாறியது. 1952-இல் அது கேட்டது 5,400-க்கும் குறைந்தோரையே. முன்னைய எண்ணிக்கையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐசனோவருக்கு 51 விழுக்காடு என்று கூறிற்று; அவர் பெற்றது 55-க்குச் சற்று மேல். பிழை இருந்தது. ஆனால் இம்முறை அது மறுபக்கம் சாய்ந்தது.

அலென்டவுன் நகரின் புதிரோ அவ்வாறே கிடந்தது. 1937 மே மாதத்தில் காலப்பின் நிறுவனம், சென்ற ஆண்டு டைஜஸ்ட்டின் அட்டை வந்ததா, வந்திருந்தால் திருப்பி அனுப்பினீர்களா, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று மக்களைக் கேட்டு விடைகளைத் திரட்டி வைத்திருந்தது. அவ்விடைகளை அரை நூற்றாண்டு கழித்து, 1988-இல், பெவரில் ஸ்குவயர் என்னும் அரசியல் ஆய்வாளர் எடுத்து ஆராய்ந்தார். அட்டை பெற்றோர் அனைவரையும் ஒருங்கே நோக்கினால் பெரும்பான்மையினர் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்திருந்தனர். அட்டையைத் திருப்பி அனுப்பியோருள் மட்டும் லாண்டன் சற்றே முந்தியிருந்தார். பெற்றும் அனுப்பாமல் விட்டோர் பெருமளவில் ரூஸ்வெல்ட்டின் பக்கம் நின்றவர்கள். தொலைபேசிப் புத்தகத்தையும் மோட்டார் வண்டிப் பட்டியலையும் கொண்டே அந்த ஒரு கோடிப் பேரும் விடை எழுதியிருந்தால்கூட, டைஜஸ்ட் வெல்வோர் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கும். விடையெழுதாத 76 இலட்சம் அட்டைகள் அமெரிக்க வீடுகளின் மேசைகளிலும் குப்பைக் கூடைகளிலும் தங்கிவிட்டன.